பேட்டரி இறங்கிய டிராக்டர்: கீழே நின்று ஸ்டார்ட் பண்ணவே கூடாது



நம்ம திண்டுக்கல் பக்கம் புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், வேடசந்தூர், குஜிலியம்பாறை மானாவாரிக் காட்டிலிருந்து ஆத்தூர், நிலக்கோட்டை வரைக்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேணும். ஈரம் காயறதுக்குள்ள உழுது விதை போடணும். அந்த நேரம் பார்த்து, கோடை முழுக்கக் கொட்டகையில் சும்மா நின்ற பழைய வண்டி சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் போடும். பேட்டரி டவுன்.

அப்புறம் நடப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். டிரைவர் கீழே இறங்குவார். ஒரு திருப்புளியையோ பெரிய ஸ்பேனரையோ எடுத்து, முன் டயருக்கும் பெரிய டயருக்கும் நடுவில் குனிந்து, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடுவார். பொறி பறக்கும், வண்டி எடுத்துக்கும். இதற்கு 'டைரக்ட் பண்றது' என்று பேர். "இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிம்மா" என்று நம்மையும் பக்கத்தில் கூப்பிடுவதுண்டு. களை எடுக்க வந்த பெண்கள், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

டிராக்டரை ஓட்டுவது பெரும்பாலும் ஆண்கள்தானே, இதை ஏன் நம் இதழில் எழுதணும் என்று சிலர் கேட்கலாம். கடன் வாங்கி டிராக்டர் எடுப்பதில் கையெழுத்து நம்முடையது. சில இடங்களில் கூட்டமைப்பே வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறது. அந்த இரண்டு டயருக்கு நடுவில் குனிகிறவர் நம் வீட்டுக்காரர், நம் மகன், அல்லது நாமே. அதனால் வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளணும்.

டைரக்ட் பண்ணினால் என்ன ஆகும்?

சாவியைத் திருப்பும்போது கரண்ட் நேராக செல்ஃப் மோட்டாருக்குப் போவதில்லை. நடுவில் ஒரு சின்ன பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. சில வண்டியில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் அது வழி விடும். சில வண்டியில் ஹை-லோ லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் விடும். வண்டி கியரில் இருக்கும்போது தெரியாமல் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே கம்பெனிக்காரர்கள் அதை வைத்திருக்கிறார்கள்.

திருப்புளியால் தொடும்போது கரண்ட் அந்த சுவிட்சைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போகிறது. வண்டி கியரில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று கேட்க யாரும் இல்லை. நேற்று சரிவில் நிறுத்தியவர் உருளாமல் இருக்கட்டும் என்று கியரில் போட்டுவிட்டுப் போயிருப்பார். ஏறி விளையாடிய பிள்ளை லீவரைத் தள்ளி விட்டிருக்கும். அப்படி இருந்தால், தொட்ட அந்த நொடியே இன்ஜினும் ஓடும், வண்டியும் நகரும்.

எவ்வளவு வேகத்தில் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த கியரில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போகிற வண்டிகூட ஒரு நொடியில் இரண்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். குனிந்து நிற்கிறவருக்கும் பெரிய டயருக்கும் நடுவில் இருக்கிற இடமே இரண்டு மூன்று அடிதான். நிமிர்வதற்கே ஒரு நொடி வேணும். வண்டியின் எடையோ ஒன்றரை டன்னுக்கு மேல். ஓடித் தப்பித்துக்கலாம் என்பது வெறும் பேச்சு. ஏறி நிறுத்தலாம் என்றால் சீட்டில் ஆளே இல்லை.

பல நாடுகளில் விவசாயிகள் இப்படியே இறந்திருக்கிறார்கள். அதனால்தான் பல டிராக்டர்களில் செல்ஃப் மோட்டார் முனைக்கு மேல் ஒரு மூடி வைத்து, பக்கத்திலேயே எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டுகிறார்கள். நம் ஊர்ப் பழைய வண்டிகளில் அந்த மூடி கழன்று எங்கே போனது என்றே தெரியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். பேட்டரி உண்மையிலேயே காலியாக இருந்தால் டைரக்ட் பண்ணினாலும் செல்ஃப் சுற்றாது. திருப்புளியில் கரண்ட் கிடையாது, அது வெறும் பாலம்தான். டைரக்ட் பண்ணி வண்டி நன்றாக எடுக்கிறது என்றால், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, கோளாறு சாவி சுவிட்சிலோ, பாதுகாப்பு சுவிட்சிலோ, நடுவில் உள்ள ஒயரிலோ என்று அர்த்தம். இவையெல்லாம் பேட்டரி விலையோடு பார்த்தால் சில்லறைச் செலவு. அதைச் சரி பண்ணாமல் வருஷக்கணக்கில் திருப்புளியோடு அலைகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது.

முதலில் பேட்டரிதானா என்று பாருங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி சுத்தமாகக் காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. லைட் எரிந்து, சாவி திருப்பும்போது மங்கிப்போய் 'டக் டக்' என்றால் சார்ஜ் குறைவு, இல்லாவிட்டால் டெர்மினலில் பூத்திருக்கிறது. லைட் பிரகாசமாகவே நிற்க, செல்ஃப் சத்தமே போடவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். கிளட்சை நன்றாக மிதித்து, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். பல நேரம் இதிலேயே வண்டி எடுத்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூப்பு கரண்டைத் தடுக்கும். நம் சமையல்கட்டில் இருக்கிற ஆப்பசோடாவே இதற்கு மருந்து. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, பேட்டரி மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கணும். நுரைத்துக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் போய்விடக் கூடாது. நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துக் காயவைத்து, டெர்மினலை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் சீக்கிரம் பூக்காது.

டெர்மினலைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம் இதுதான். வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்தது. ப்ளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் உடம்பில் பட்டால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று நினைப்பார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். கையில் உலோக வளையலோ மோதிரமோ, கழுத்தில் தொங்குகிற சங்கிலியோ இருந்து அது ப்ளஸ்ஸையும் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் அதற்கும் அதே கதிதான், தோலோடு வெந்துவிடும். தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரியைத் தொடணும். மிகப் பழைய சில வண்டிகளில் ப்ளஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். எந்த முனையிலிருந்து ஒயர் நேராக இரும்பில் போய் முடிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பேட்டரியில் இருந்து வருகிற வாயு

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலமும் தண்ணீரும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. காற்றில் 100-க்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். வெடித்தால் பிளாஸ்டிக் துண்டும் ஆசிட்டும் நேராக முகத்துக்கு வரும். ஆகவே பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி, சிம்னி விளக்கு எதுவும் கூடாது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க செல்போன் வெளிச்சம் போதும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சார்ஜ் போட்டு வந்து மாட்டிவிட்டு, மறுநாள் பேட்டரி பக்கத்திலேயே சூடம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடத்தை முன்பக்கம் தள்ளி நின்று காட்டுங்கள், சாமி கோவிச்சுக்காது.

பேட்டரி வேலை பார்க்கும்போது ஒரு குடம் நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே, கண்ணைத் திறந்து வைத்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கணும். கண்ணுக்குள் சோடா, பால், எண்ணெய் எதுவும் விடக் கூடாது. அதற்குள் இன்னொருவர் 108-க்குச் சொல்லிவிடட்டும்.

இன்னொரு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுப்பது

பேட்டரிதான் காலி என்று உறுதியாகத் தெரிந்தால், நல்ல வழி கழற்றி சார்ஜ் போடுவதுதான். திண்டுக்கல், வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம் என்று எங்கே போனாலும் பேட்டரி கடை உண்டு. மெதுவாக ஓர் இரவு முழுக்க ஏற்றுகிற சார்ஜ்தான் பேட்டரிக்கு நல்லது. "ஒரு மணி நேரத்தில் ஏத்தித் தர்றேன்" என்பது அவசரத்துக்கு ஆகும், பேட்டரி ஆயுசுக்கு ஆகாது.

ஒரு இரவு காத்திருக்க முடியாது, ஈரம் போயிடும் என்றால், ஜம்பர் ஒயர் போட்டு இன்னொரு வண்டியிலிருந்து எடுக்கலாம். அந்த வண்டியும் 12 வோல்ட்டாக இருக்கணும். கார், ஜீப், வேறு டிராக்டர் ஆகும். லாரி, பஸ், போர் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட். அதிலிருந்து கொடுத்தால் பேட்டரி வெடிக்கலாம், வண்டியின் ஒயரிங் கருகிவிடும். உதவி பண்ண லாரிக்காரர் ஆசையாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. இரண்டும் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கணும். டயருக்கு முட்டுக் கல் வைக்கணும்.

ஒயர் போடுவதில் வரிசை முக்கியம். சிவப்பு ஒயரை முதலில் காலியான பேட்டரியின் ப்ளஸ்ஸில் மாட்டி, அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸில் மாட்டணும். பிறகு கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் போடணும். கறுப்பின் கடைசி முனையை காலியான பேட்டரியில் போடக் கூடாது. நிற்கிற டிராக்டரின் இன்ஜினில், பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில், பேட்டரிக்கும் டீசல் குழாய்க்கும் தள்ளி மாட்டணும். கடைசி முனை தொடும்போதுதான் பொறி வரும். அந்தப் பொறி வாயு இருக்கிற இடத்தில் வரக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும்.

நல்ல வண்டியை ஓட விட்டு ஐந்து நிமிஷம் பொறுங்கள். பிறகு எல்லாரும் விலகி நிற்க, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, சாவியால் ஸ்டார்ட் பண்ணணும். பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். எடுக்காவிட்டால் இரண்டு நிமிஷம் ஆற விட்டு மறுபடி பாருங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும். வண்டி எடுத்ததும் ஒயர்களைப் போட்ட வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றணும். இப்போது இன்ஜின் ஓடுகிறது, பேன் சுற்றுகிறது. முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பின்னலை முடிந்து கொள்ளுங்கள். ஒயர் பேன் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

கட்டி இழுப்பது, சரிவில் உருட்டுவது

டீசல் இன்ஜினுக்குப் பிளக் பொறி தேவையில்லை. காற்றை அழுத்தி வருகிற சூட்டிலேயே டீசல் எரிகிறது. அதனால் பழைய வண்டிகளில் இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்ற வைத்துவிட்டால் போதும், பேட்டரி இல்லாமலேயே ஓடும். கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ண முடிவது இதனால்தான். 2023-க்குப் பிறகு வந்த 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளில் பலவற்றில் டீசலைக் கொடுப்பதே கரண்டில் வேலை செய்யும் பெட்டிதான். பேட்டரி காலியானால் அவற்றை எவ்வளவு தூரம் இழுத்தாலும் எடுக்காது.

இழுத்துத்தான் ஆகணும் என்றால், கலப்பை, டிரெய்லர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சமமான நிலத்தில், நல்ல டிரைவர் இரண்டு பேரை வைத்துச் செய்யுங்கள். இழுக்கிற வண்டியில் பின்னால் கீழே இருக்கிற கொக்கியில்தான் கட்டணும். உயரத்தில் கட்டினால் அந்த வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து டிரைவரை அமுக்கிவிடும். இழுபடும் வண்டி சின்ன கியரில் இருந்தால் பெரிய டயர் சுற்றாமல் தேய்த்துக்கொண்டு வரும், பெரிய கியரில் கிளட்சை மிதித்து வைத்திருந்து, கொஞ்சம் வேகம் வந்ததும் மெல்ல விடணும். இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கயிறோ சங்கிலியோ அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும். அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது.

ஆளைச் சேர்த்துத் தள்ளுவதும், சரிவில் உருட்டி விடுவதும் எங்களுக்குச் சம்மதமில்லை. நம் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சரிவில் உருளும் வண்டி எடுக்காமல் போய், பிரேக்கும் சரியாகப் பிடிக்காமல் போனால் அது போய் நிற்கிற இடம் பல சமயம் கிணறுதான். ஒருநாள் உழவு தள்ளிப் போனால் போகட்டும். வேறு வண்டி வேணும் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்கலாம், உழவன் செயலியிலும் பதிவு பண்ணலாம்.

வண்டியை நிறுத்தத் தெரியுமா?

டிராக்டர் வைத்திருக்கிற வீட்டில் எல்லாருக்கும் இது ஒன்று தெரிந்திருக்கணும். பழைய டீசல் வண்டிகளில் பலவற்றில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது. ஸ்டாப் கம்பி என்று ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்துப் பிடித்தால்தான் டீசல் நின்று இன்ஜின் அணையும். யாராவது பி.டி.ஓ. ராடில் துணி மாட்டிச் சிக்கினாலோ, டயரில் மாட்டினாலோ, டிரைவர் இல்லாத நேரத்தில் நாம்தான் அதை இழுக்கணும். வண்டி எடுத்து வைத்திருக்கிற குழுக்கள் அடுத்த கூட்டத்தன்று எல்லா உறுப்பினரையும் ஒரு தடவை சீட்டில் ஏற்றி, குமிழை இழுத்துப் பார்க்கச் செய்யுங்கள். சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தால் இன்னும் நல்லது.

மறுபடி இறங்காமல் இருக்க

வண்டி எடுத்த பிறகு டேஷ் போர்டில் சார்ஜ் லைட் அணைந்ததா என்று பாருங்கள். அணையாவிட்டால் டைனமோ ஏற்றவில்லை, பேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டுகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதில் ஆல்டர்னேட்டர் போய்விடும், அதன் விலை பேட்டரி விலையை நெருங்கும்.

நம் ஊர் வெயிலில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். சும்மா நிற்கிற பேட்டரியும் சூட்டில் தானாகவே இறங்கும். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து, தகடு மூழ்கி அதற்கு மேல் ஒரு விரல் கனம் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம், தகட்டைத் தின்றுவிடும். ஆசிட் ஊற்றவே கூடாது. மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்த்தால், வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் அநேகமாகக் காலி. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் மறுநாளே இறங்குகிறது என்றால் அந்தப் பேட்டரிக்கு இனிச் செலவு பண்ண வேண்டாம். மூன்று நாலு வருஷம் ஓடிய பேட்டரி என்றால் அதன் காலம் முடிந்தது.

புதுப் பேட்டரிக்கு உள்கடன் கேட்டால் தீர்மானம் போட்டுக் கொடுக்கத் தயங்காதீர்கள். வண்டி வாடகையில் சில நாளில் திரும்பி வந்துவிடும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் அதற்கு விலை கழிப்பார்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டு அவர் வீதியில் வைத்து உடைத்து ஈயம் எடுக்க விடாதீர்கள். வாரண்டி கார்டில் தேதி போட்டு, கடை முத்திரை குத்தி வாங்கி, குழுவின் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் பேட்டரியைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத, காற்றோட்டமான நிழலில் ஒரு மரப்பலகை மேல் வைத்து, மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வாங்கி வாருங்கள்.